இதயம் நார்மல்!

"மையத்தை இறக்கி வைங்க!"

கீழக்கரை. பகல் பன்னிரண்டு மணி. சடலத்தோடு வாசலைத் தாண்டப்போன சந்தூக் பெட்டி அப்படியே நின்றது.

குரல் கொடுத்தபடியே இன்ஸ்பெக்டர் மதுமதி வந்தாள். கையில் ஒரு ஃபைல்.

ஆதில் முன்னால் வந்தான். சந்தூக்கில் இருப்பது அவன் அக்கா ஜுவைரியாவின் கணவர் சலாஹுதீன். தம்மாமில் கிரேன் ஓட்டியவர். லீவில் வந்தவர்... காலையில் டீ குடித்த கையோடு நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்துவிட்டார்.

"ஹார்ட் அட்டாக்னு யார் சொன்னா?"

"நான்தான் மேடம்..."

"கம்பெனி ஏஜென்ட் புகார் குடுத்திருக்கார். விசா புதுப்பிக்க பதினெட்டு நாள் முன்னாடிதான் ராமநாதபுரத்துல இவரை ட்ரெட்மில்ல ஓடவிட்டு ஹார்ட் ஸ்கேன் எடுத்திருக்காங்க. சுத்தமா நார்மல்! டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். இப்படி நார்மல்னு வந்தவங்க நூறு பேர்ல ஒருத்தர்கூட ஒரு வருஷத்துக்குள்ள ஹார்ட் அட்டாக்ல போறது அபூர்வமாம்."

"அந்த ஒருத்தர் எங்க மச்சானா இருக்கக் கூடாதா?"

"இருக்கலாம். ஆனா நேத்து நீ அவர் சட்டையைப் பிடிச்சதைத் தெருவே பார்த்திருக்கு! இன்னைக்கு டீ போட்டதும் நீதான்."



"பாடியை ஜி.ஹெச்.சுக்கு ஏத்துங்க. போஸ்ட்மார்ட்டம்!"

"யா அல்லாஹ்!" ஜுவைரியா உள்ளிருந்து அலறினாள். "அவங்க மேல கத்தி வைக்க விடாதே தம்பி... எதாச்சும் பேசு!"

பேசினால் ஜெயில். நாளை மறுநாள் துபாய் கிளம்பவேண்டியவன் அவன்! பேசாவிட்டால் கொலைப்பழி... மச்சானுக்குக் கத்தி. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்!

அக்காவின் அழுகையை அவனால் தாங்க முடியவில்லை.

"மேடம்... அந்த ரிப்போர்ட்ல வெயிட் என்ன போட்டிருக்கு?"

"அறுபத்தொண்ணு."

"மச்சானைப் பாருங்க!"

சந்தூக்கைச் சுமந்தவர்களுக்கு வியர்த்து வழிந்தது. தொண்ணூறுக்குக் குறையாது!

"அங்கன ஓடினது நான்! அது... என்னோட இதயம் மேடம்! நெஞ்சு வலி தெரிஞ்சா விசா போயிரும்னு மச்சான் கெஞ்சினாங்க. அவங்க ஆதார் கார்டோட போனேன். போட்டோவை யாருமே பாக்கலை. நேத்து சட்டையைப் பிடிச்சதும் அதுக்குத்தான்... ஃப்ளைட் ஏறாதீங்க, செத்துருவீங்கன்னு..."

ஆதில் ஓடிப்போய் பீரோவைத் திறந்தான். சேலைகளுக்கு அடியில் மதுரை ஆஸ்பத்திரி ரிப்போர்ட். பெயர் சலாஹுதீன். இதயத்தில் மூன்று அடைப்பு!

மதுமதி மதுரைக்கு போன் போட்டாள். இரண்டு நிமிடம் பேசினாள். முகம் மாறியது.

"தூக்குங்க. அடக்கம் பண்ணிட்டு வாங்க."

ஜுவைரியா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

"முடிஞ்சதும் நீ ஜீப்ல ஏறணும் ஆதில். ஆள்மாறாட்டம்!"

ஆதில் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தான்.

"மேடம்... நெஞ்சு... வலிக்குது..."

மதுமதி ராமநாதபுரம் ரிப்போர்ட் இருந்த ஃபைலை அவன் மடியில் போட்டாள்.

"ஏலே, எந்திரி! ஒரு வருஷத்துக்கு உனக்குச் சாவு இல்லேன்னு டாக்டரே கையெழுத்துப் போட்டிருக்காரு!"