பந்தலில் வெறுங்கூடு

பறிக்கும்போதே தெரிந்தது, சுரைக்காயில் பாரம் இல்லை. பச்சைத் தோல் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளத்தது, காம்பு கொடியை இறுகப் பிடித்திருந்தது, ஆனால் அரிவாளால் பிளந்தால் உள்ளே சதையும் இல்லை, விதையும் இல்லை. வழித்து நக்கிய கிண்ணம்போல் ஈரமாக இருந்தது. வெற்றிலைச் சாறும் பழைய எச்சிலும் கலந்த ஒரு வாடை அதிலிருந்து எழுந்து சென்னிமலையின் மூக்கில் ஏறியது.

"எலி," என்று காறித் துப்பினான்.

அவனுக்கு உலகத்தில் முக்கால்வாசிப் பேர் எலிதான். உலகச் சண்டையைச் சாக்கிட்டு நூலைப் பதுக்கி குமாரபாளையத்துத் தறிகளையெல்லாம் சும்மா கிடக்க வைத்த வியாபாரிகள் எலி. ரேஷன் அரிசியில் கல்லைக் கலப்பவன் எலி. வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுக் காளியப்பன் திருட்டு எலி. போன வருடம் செத்த அப்பன் பெரியசாமி எல்லாரிலும் பெரிய எலி. கஞ்சிப் பானையைச் சுரண்டி, பல்லில்லாத வாயால் சப்புக்கொட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்த கிழவன்.

அந்தக் கிழவனுக்குத்தான் பந்தலின் முதல் காயைச் சமைத்து, அமாவாசையன்று இலை போட்டுப் படைத்து, காக்கைக்கு ஒரு பிடி வைத்த பிறகு வீட்டார் சாப்பிட வேண்டுமாம். தெருவே அப்படித்தான் செய்தது. சென்னிமலை முதல் காயைத் தானே தின்று ஏப்பம் விட்டான்.

"மாமனுக்கு வெக்காமத் திங்கறீங்களே, தப்புங்க," என்றாள் அவன் மனைவி கமலவேணி.

"உசுரோட இருந்தப்பத் தின்னது பத்தாதாக்கும்? செத்தவனுக்கென்ன பசி?"

அவள் நிறைமாத வயிற்றைத் தடவிக்கொண்டாள். திருச்செங்கோட்டு மலையை ஆண்டுதோறும் ஏறி இறங்கி, ஊர் வாயில் விழுந்து எழுந்து, கடைசியில் தங்கிய கரு அது. யாரையும் மதிக்காத சென்னிமலை அந்த வயிற்றுக்கு மட்டும் அடங்கினான். அவள் வாய்க்கு ருசியாக ஏதாவது கிடைக்கட்டும் என்றுதான் பந்தலே போட்டான்.

அந்த அமாவாசைக்குப் பிறகு காக்கை ஒன்றுகூடக் கொல்லைக்கு வரவில்லை. காய்கள் ஒவ்வொன்றாக வெறுங்கூடாகிக்கொண்டே வந்தன.

"எலி தின்னா ஓட்டை இருக்குமுங்களே," என்றான் காளியப்பன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து. "இப்பவாச்சும் ஒரு எலையப் போட்டுருங்க சாமி."

"உன்ற சோலியப் பாத்துட்டுப் போ."

பொழுது சாயும் நேரத்தில் பிடிவாதமாகப் பந்தலடியில் போய்க் குந்தினான். காற்றே இல்லை, தெருவில் யாரோ மாட்டை அதட்டும் குரல் தேய்ந்து அடங்கியது, மண்ணின் சூடு பாதத்தில் ஏற ஏற, தலைக்கு மேல் இலைகள் மட்டும் ஒரு பக்கமாக விலகி மெல்ல மூடிக்கொண்டன. பிறகு அந்த வாடை. பிறகு சத்தம். ஈறும் ஈறும் ஒட்டிப் பிரிகிற சத்தம். சப். சப்.

பயந்துவிட்டான். பயந்தோமே என்ற கேவலம் பயத்தைவிட அதிகமாகச் சுட்டது.

"கெழட்டுத் தீனிப்பண்டாரமே!" என்று கத்தினான். "இனி என்னத்தத் திம்பே, பாக்கறேன்!"

காய், பிஞ்சு, பூ, எதையும் விடவில்லை. அத்தனையும் பிய்த்துத் தரையில் போட்டு மிதித்தான். கொடியையும் வேரோடு இழுத்தெறிந்தான். பந்தல் மொட்டையாக நின்றது. சத்தம் நின்றுவிட்டது. ஜெயித்துவிட்டதாகச் சிரித்தான்.

சப்.

இப்போது வீட்டுக்குள்ளிருந்து.

ஓடினான். உள்ளே விளக்கு எரிந்தது. வாடை மூச்சை அடைத்தது. வேறு யாரும் இல்லை. கமலவேணி பாயில் கண்ணயர்ந்திருந்தாள். காலடி கேட்டு விழித்தாள், கையூன்றாமல் சட்டென்று எழுந்து நின்றாள். இத்தனை நாளும் அவன் தூக்கிவிட்டால்தான் எழுவாள்.

"ஏனுங்க, இப்பத்தானுங்க ஒடம்பு நல்லாருக்குது," என்று சிரித்தாள். "பாரமே தெரியலீங்க."

வயிறு அப்படியே உருண்டு, தோல் விண்ணென்று இருந்தது. அவன் மண்டியிட்டான். காதை வைத்தான்.

உள்ளே, பல்லில்லாத ஒரு வாய் நிதானமாகச் சப்புக்கொட்டியது.