சுஹேல் கடைசியாக உட்கார்ந்த இருக்கை

இத்தா முடிந்த மறுநாளே ஆம்பூரில் பஸ் ஏறி, வேலூரில் துப்பறியும் ஹெலனின் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள் பில்கிஸ். கணவன் இறந்ததிலிருந்து நாலு மாதத்துக்கு மேல் வாசல் தாண்டாதவள். அத்தனை நாளும் ஊர் வாய் சும்மா இருக்கவில்லை.

கணவன் சுஹேல் அகமது, தோல் தொழிற்சாலை முதலாளி மக்பூல் அகமதுவின் சின்ன விமானத்தை ஓட்டியவன். வாலாஜாபேட்டைக்கு அப்பால் உள்ள தனியார் ஓடுதளத்திலிருந்து அவன் தனியாகக் கிளப்பிய விமானம், எழும்பியதுமே மூக்கைச் செங்குத்தாகத் தூக்கிப் புரண்டு விழுந்தது.

"வேணும்னே விழுந்துட்டாருன்னு பேசறாங்க மேடம். வீட்ல சண்டையாம். இன்னா பெரிய சண்ட? அவருக்கு இனிப்பே புடிக்காது. அன்னிக்குக் காலைல எனக்குப் போடற மாதிரி அவர் டீலயும் சக்கரை ஜாஸ்தி போட்டுட்டேன். குடிக்காம, சலாம்கூட சொல்லாம போய்ட்டாரு. கோவத்துலயேதான் போனாரா? அது மட்டும் தெரியணும்."

"கொலைதான் மேடம்!" என்றான் உதவியாளன் ஜோவின். அவனுக்குப் பால் பொங்கினாலும் கொலைதான்.

அதிகாரிகள் பார்த்துவிட்டுப் போன சிதைவு ஓடுதளக் கொட்டகையில் கிடந்தது. மூவரும் அங்கே போனபோது மக்பூல் அகமதுவே கதவைத் திறந்தார். "பைலட் சீட்டப் பாருங்க, கடைசிக்குத் தள்ளியிருக்கு. பெடல்லேர்ந்து கால எடுத்துட்டுக் கண்ண மூடிட்டான் பாவம்." பிறகு இருக்கையைத் தடவினார். "மொத நாள்தான் நம்ம ஃபேக்டரி தோல்ல புதுசா தெச்சு மாட்டினோம். என் ப்ளேன்ல ரெக்ஸின் இருந்தா எனக்குத்தான அசிங்கம்?"

ஹெலன் குனிந்து இருக்கையின் அடியை வெகுநேரம் பார்த்தார். வெளியே வேப்பமரத்தடியில் ஒரு கார் தூசி மூடி நின்றது.

"அவருதுதான். சாவி எங்கிட்ட இருக்கு. அன்னிக்கு அப்புறம் யாரும் தொடல," என்றாள் பில்கிஸ்.

"காரத் தொறந்து ஓட்டுற சீட்ல உக்காரும்மா."

உட்கார்ந்தாள். பாதம் சரியாகப் பெடலில் பதிந்தது. "நகத்தவே வேணாம் மேடம். ரெண்டு பேருமே குள்ளம்."

ஹெலன், பின்னால் வந்து நின்ற மக்பூல் அகமதுவிடம் திரும்பினார். "பாய், தரையில ஓடும்போது ப்ளேனை எதால திருப்புவாங்க?"

"கால் பெடலால."

"கடைசிக்குத் தள்ளின சீட்லேர்ந்து பெடல் எட்டாதவர் ஓடுபாதை வரைக்கும் எப்படிக் கொண்டு வந்தார்? அப்போ சீட் முன்னாலதான் இருந்திருக்கு. தரையில மோதி நகர்ந்திருந்தா இன்னும் முன்னாலதான் போயிருக்கும். மேல ஏறும்போதுதான் பின்னால சறுக்கியிருக்கு. கையில பிடிச்சிருந்த ஸ்டியரிங்கும் கூடவே இழுபட, மூக்கு தூக்கிடுச்சு."

"சீட்டுக்குப் பூட்டு இருக்குமே?" என்றான் ஜோவின்.

"பூட்டுற இரும்புக் கம்பி அதுக்கான துளையில எறங்கல. அடியில மடிச்சுத் தெச்ச புதுத்தோல் குறுக்க இருந்திருக்கு. கம்பி அழுத்தின தழும்பு அதுல வட்டமா அப்படியே இருக்கு. யாரும் வேணும்னு செய்யல, ஜோவின்."

மக்பூல் அகமது தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான்தான் கனமான தோலாப் போடச் சொன்னேன். ஊர்ல நானும் அவனத்தான் தப்பாப் பேசினேன்."

பில்கிஸ் காதில் அது விழவில்லை. பக்கத்து இருக்கையில் ஆற்காட்டுக் கடையின் மக்கன் பேடா டப்பா இருந்தது.

"அவருக்குதான் இனிப்பு புடிக்காதே?" ஜோவின் மெதுவாகக் கேட்டான்.

"அவருக்கு வாங்கல," என்றார் ஹெலன். "டப்பா மேல அன்னிக்குத் தேதிதான் இருக்கு. வழியில வாங்கி, சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போக வெச்சிருக்கார்."

பில்கிஸ் டப்பாவைத் திறந்தாள். எறும்பு மிச்சம் வைத்தது நெய்க்கறைக் காகிதம் மட்டுமே. அதை மடியில் வைத்து நீவிவிட்டாள். அவன் கால் வைத்திருந்த இடத்தில் அவள் கால் இருந்தது. அவன் இல்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் இங்கயே உக்காந்துக்கறேன் மேடம்," என்றாள்.