மொட்டுத்துகளும் இருபத்தொரு நாளும்

துளசிமணி தண்ணீர்க் குடத்தைத் தூக்கியதுதான் தாமதம், உடம்பில் ஏறும் அமிலத்தை அளக்க மணிக்கட்டில் கட்டியிருந்த புளிப்புமானி வீல் என்று அலறியது. தோள்பட்டை சிவந்து வீங்கியது. வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் நாச்சிமுத்து பதறி ஓடிவந்தார்.

சிறிது நேரத்தில் டாக்டர் ஆதிரை கைபேசித் திரையில் தோன்றினாள். துளசிமணியின் கணையப் புற்றுக்காக ஏற்றப்பட்டு, அவள் ரத்தத்தில் கோடிக்கணக்கில் மிதக்கும் மொட்டுத்துகள்களை உருவாக்கியவள் அவள்தான். ஒவ்வொரு துகளுக்குள்ளும் மருந்தும், புற்றுச் செல்களைத் தாமாகவே மடியவைக்கும் ஒரு மரபணுவும் இருந்தன. புற்றுக்கட்டியைச் சுற்றிப் புளிப்பு ஏறியிருக்கும். அந்தப் புளிப்புப் பட்டால்தான் மொட்டு அவிழும்.

"கஷ்டப்பட்டு உழைக்கிற தசையிலயும் புளிப்பு ஏறுமுங்க. அதைக் கட்டின்னு நெனச்சுத் துகளெல்லாம் உங்க தோள்ல மருந்தைக் கொட்டிருச்சு. இன்னொருக்கா இப்படி வீணாச்சுன்னா கணையத்துல இருக்கற கட்டிக்கு மருந்து பத்தாது. மறுபடி ஏத்துனாலும் உங்க உடம்பு ஏத்துக்காது. இருபத்தொரு நாளைக்கு ஒரு வேலையும் கூடாதுங்க" என்றாள் ஆதிரை.

"அப்பறம் சோறாக்கறது ஆருங்க?" என்று கேட்டாள் துளசிமணி.

உயிர் ஊசலாடும்போது கேட்கிற கேள்வியா இது! ஆனால் முப்பது வருஷமாக அந்த வீட்டில் அதற்கு ஒரே பதில்தான் இருந்தது.

நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார். "நானாக்கறேன் புள்ள. நீ போய்ப் படு."

அவர் வைத்ததை ரசம் என்று சொன்னால் ரசம் கோபித்துக்கொள்ளும். மிக்சியை மூடாமல் ஓட்டிச் சுவரெல்லாம் சட்னி பூசினார். ஆனாலும் மனிதர் விடவில்லை. கூட்டினார், துவைத்தார், புளிப்புமானி லேசாக முனகினாலும் கரண்டியோடு ஓடிவந்தார். மனைவி செத்துவிடுவாளோ என்ற பயம் அவரை அப்படி ஆட்டிவைத்தது. துளசிமணியோ பகல் வெயில் தன் வீட்டுக்குள் எப்படி நகர்கிறது என்பதை வாழ்க்கையில் முதன்முறையாகப் படுத்தபடி பார்த்தாள்.

இருபத்திரண்டாம் நாள் எடுத்த ஸ்கேன் படத்தில் கட்டியைக் காணோம். ஆதிரை சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். தெருவில் பட்டாசு வெடித்தது.

இரண்டே வருஷத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் அப்படி இருபத்தொரு நாள் படுத்திருந்து பிழைத்தார்கள். அதற்குள் ஆதிரை மொட்டுத்துகளின் குறையையும் தீர்த்துவிட்டாள். புதிய துகள் புளிப்பை மட்டும் நம்பாது. கட்டி மட்டுமே சுரக்கும் ஒரு நொதியும் சேர்ந்து பட்டால்தான் அவிழும். அதற்கான துண்டறிக்கையைப் பிழைத்த பெண்களின் கூட்டத்தில் பெருமையோடு வாசித்தாள்: "ஊசி போட்ட அன்று மாலையே பெண்கள் வீட்டு வேலைகளைத் தொடங்கலாம்."

ஒருவரும் கைதட்டவில்லை.

தலைமை தாங்கிய துளசிமணி எழுந்தாள். "எங்க வீட்டுக்காரரு இருபத்திரண்டாம் நாளே கரண்டியை எங்கிட்ட நீட்டிட்டாரு அம்மிணி. கல்யாணமானதுல இருந்து எனக்குக் கெடைச்ச லீவு அந்த இருபத்தொரு நாள்தான். அதைப் போய்க் குறைன்னு சரி பண்ணிட்டீங்களே!"

"அதுக்காகப் பொய் எழுத முடியுங்களாம்மா?"

"பொய் எதுக்கு? ஆருன்னு மட்டும் மாத்தி எழுதுங்க."

ஆதிரை இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் துண்டறிக்கை அச்சுக்குப் போனது: "ஊசி போட்ட அன்று மாலையே நோயாளியின் கணவர் வீட்டு வேலைகளைத் தொடங்கலாம்."

ஆய்வுக்குழு அதை மும்முறை சரிபார்த்தது. அறிவியல்படி அதில் ஒரு பிழையும் இல்லை.