மேலேறிய துருக்கறை

துருக்கறை கீழ்நோக்கித்தான் வழியும். போல்ட்டுக்கு அடியில் பழுப்பாய் ஒரு கோடு, அழுத பெண்ணின் கண்மை மாதிரி. பன்னிரண்டு வருஷமாகப் படகு கழுவுகிறவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த மத்தியானம், தகரக் கொட்டகைக்குள் கட்டைகள்மேல் நிமிர்ந்து நின்ற அண்ணனின் வெள்ளை ஃபைபர் படகில், உள்பக்கத்து போல்ட் ஒவ்வொன்றிலிருந்தும் கறை மேல்நோக்கி ஏறியிருந்தது.

படகு கவிழ்ந்து கிடந்தால்தான் கறை அப்படி ஓடும்.

ஊர் முழுக்கத் தம்பியான இவன் சொல்லிவைத்தது வேறு. அலை அடித்தது, அண்ணன் தவறி விழுந்தான், தேடியும் கிடைக்கவில்லை. படகு கவிழவே இல்லை என்று போலீஸில் கையெழுத்தும் போட்டிருந்தான். எட்டு மாதமாக அந்தப் பொய் சமர்த்தாய் நின்றது. இன்று நாலு மணிக்கு அண்ணி படகைப் பார்க்க வருகிறாள். புருஷனோடு சேர்ந்து இதே படகைத் தேய்த்துத் தேய்த்துக் கை காய்த்தவள். ஒரு பார்வை போதும் அவளுக்கு.

ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து தடவினான். மூக்கைப் பிடுங்கும் அந்த நெடியும், தகரத்தில் விடாமல் தட்டிய மழையும், ஈரச் சாக்கின் வாடையும் ஒன்றாய்ச் சேர்ந்து கொட்டகைக்குள் மூச்சு முட்டவைத்தன. தேய்க்கத் தேய்க்கக் கறை மங்கியது. துணியால் துடைத்துத் திரும்புவதற்குள் பழையபடி வந்து நின்றது, முன்னைவிட ஒரு விரல் உயரமாக. நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் அவனுக்குப் புத்தி பிசகியது. கறைமேலேயே மெழுகை அப்பிப் பளபளவென்று தேய்த்தான். தொழில் தெரிந்தவன் செய்யக்கூடாத காரியம். மெழுகுக்கு அடியில் மாட்டிய கறையை எமனே வந்தாலும் எடுக்க முடியாது.

அண்ணன் செத்த அன்றைக்குக் காலையில் துறையில் நாலு பேர் முன்னால் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னான், "நாளையிலேர்ந்து நீ வர வேணாம்டா. உனக்கு இது ஒத்து வராது." அந்தச் சிரிப்பு இவனுக்குள் இறங்கி அழுகிப்போனது. மதியம் படகு கவிழ்ந்தது. அடியில் சிக்கிக்கொண்ட கொஞ்சம் காற்றோடு அண்ணன் உள்ளே; மேலே, படகின் முதுகில், இவன். ஒரு முறை மூழ்கிக் கையைப் பிடித்து இழுத்திருந்தால் போதும். கீழிருந்து தட்டிக்கொண்டே இருந்தான் அண்ணன். தட்டுவது நிற்கும்வரை, ஒரு மணி நேரம், இவன் உட்கார்ந்திருந்தான்.

ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் துரு இவ்வளவு ஏறாது. அதுவும் அவனுக்குத் தெரியும்.

அண்ணி குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு வந்தாள்.

"நல்லா மின்னுதே. மெழுகு போட்டியா தம்பி?"

"ஆமா அண்ணி."

"கறைய எடுக்காமலா?"

அவள் விளிம்பில் கையூன்றிக் குனிந்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"கவுந்துச்சா?"

"இல்ல அண்ணி."

"எவ்வளவு நேரம் உள்ள இருந்தாரு?"

மழை நின்றிருந்தது. எப்போது நின்றதென்று தெரியவில்லை. மெழுகுக்கு அடியில் கறை நகர்ந்தது. இருக்கைப் பலகையை ஒட்டி ஒரு கோடு. இன்னொன்று. ஐந்து. அகலமான, கட்டைவிரல் வளைந்த அண்ணனின் கை. அண்ணி கூச்சல் போடவில்லை. தன் உள்ளங்கையை அதன்மேல் மெல்ல வைத்தாள்.

"இருக்கேங்க," என்றாள். "இங்கதான் இருக்கேன்."

மெழுகு வெடித்தது. பழுப்பு விரல்கள் அவள் விரல்களுக்கிடையே நுழைந்தன. மடங்கின. இறுக்கின.

அவன் பின்வாங்கினான். ஓர் அடி. அவள் இடது கை அவன் மணிக்கட்டைப் பற்றியது. உதற முடியவில்லை. கதவு திறந்தேதான் கிடந்தது.

"நீயும் கையக் குடு தம்பி."

அவள் முழங்கை பழுப்பாகிவிட்டது. தோள். கழுத்து. இப்போது இடது தோள். அண்ணி அவனைப் பார்த்து அண்ணனைப் போலவே சிரித்தாள். கறை அவன் பக்கமாக இறங்கி வந்தது.