பின்வாசலில் மூன்று மணி

செவ்வாய், மாலை 4.35.

மருந்துக் கம்பெனியின் பின்வாசலுக்கு எதிரே, லாரிகள் திரும்புகிற சந்தில், லேபிள் ஒட்டும் தொழிலாளி ஒருவர் குப்புறக் கிடந்தார். வலது மணிக்கட்டு ஒடிந்திருந்தது. சட்டைக்குள் வைத்திருந்த உறையைக் காணோம். பக்கத்தில் அவருடைய சாப்பாட்டு டப்பா நசுங்கிக் கிடந்தது. அடித்தவர்கள் அதைச் சீந்தவில்லை.

உறையில் இருந்தவை உரித்தெடுத்த பழைய லேபிள்கள். காலாவதியான இருமல் மருந்துப் பாட்டில்களில் பழைய லேபிளை உரித்துவிட்டு, புதுத் தேதி போட்டதை ஒட்டித் திரும்பக் கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது கம்பெனி. குழந்தைகள் குடிக்கிற மருந்து. அந்தப் பாவிகளை என்ன சொல்லித் திட்டினாலும் தகும். ஆதாரத்தை இவர் கொண்டுவந்து கொடுக்க, கணக்கு டீச்சர் ஒருவர் தன் வலைப்பூவில் அதை வெளியிடுவதாக ஏற்பாடு. ஊரில் பாதிப் பேர் படிக்கிற வலைப்பூ அது.

விசாரணைக்கு வந்த பெண் இன்ஸ்பெக்டருக்கு எப்போதுமே மூக்கு நுனியில் கோபம். ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டுப்போட்ட கையைப் பார்த்ததும் அது உச்சிக்கு ஏறியது. யார் அடித்தது, யாருக்கெல்லாம் விஷயம் தெரியும் என்று கேட்டால் மனிதர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"நாலரை மணிக்கு வான்னு கூப்பிட்டது அந்த டீச்சரம்மா. என்னை வித்ததும் அவங்கதான். போய் அவங்களையே கேளுங்க" என்றார். நசுங்கிய டப்பாவை நர்ஸ் அப்புறப்படுத்தப் போனபோது இடது கையால் அதை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மாலை 6.00. சந்து முனையில் டீக்கடை வைத்திருக்கும் அம்மாள் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். தடியன்கள் இரண்டு பேர் மூன்று மணிக்கு முன்பே வந்து நின்றார்களாம். மூன்றேகாலுக்கு ஒருவன் போனில் யாரையோ வைதானாம்.

"என்னன்னு வைதான்?"

"'மூணு மணின்னுதானேய்யா சொன்னே, ஆளையே காணோம்'னான். போயிடுவானுங்கன்னு பார்த்தேன். போகலையே. நாலரைக்கு அந்த மனுஷன் வந்ததும் பாஞ்சுட்டானுங்க."

மூன்று மணி. இன்ஸ்பெக்டர் அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். அவருக்குத் தெரிந்த ஒரே குறிப்பேடு அதுதான்.

இரவு 7.00. சைக்கிள் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, சுவர் முழுக்க ஒயர், பின்னால் சாமான் வைக்கிற ஓர் உள்ளறை. வலைப்பூவை நடத்துகிறவர்கள் மூன்றே பேர். எழுதுகிற டீச்சர். படம் எடுக்கிற அவருடைய நாத்தனார். தளத்தைக் கவனித்துக்கொள்கிற டெக்னீஷியன். போன வருஷம் வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு வந்தவர், மற்ற இருவரும் "முந்திரிக்கொட்டை" என்று கேலி செய்கிறவர்.

டீச்சர் அழுது முடித்து, கொதித்துக்கொண்டிருந்தார். "அந்த மனுஷனுக்கு ரெண்டு பொண்ணு மேடம். என்னை நம்பித்தான் வந்தார். இப்போ என் மூஞ்சியிலே முழிக்க மாட்டேங்கிறார். எங்க மூணு பேரில் எவரோ ஒருத்தர்தான் இதைச் செஞ்சிருக்கணும். யாருன்னு சொல்லிட்டுப் போங்க."

சந்திப்பைப் பற்றி யாரிடமும் வாயால் பேசியதில்லையாம். போனில் இருக்கிற வேலைப் பட்டியல் செயலியில் மட்டும் பதிந்தாராம்: செவ்வாய் நான்கரை மணி, பின்வாசல். அந்தப் பட்டியல் மூன்று பேர் போனிலும் தெரியும். நாத்தனார் மட்டும் அதைப் பார்த்துவிட்டு, நான்கரை மணிக்குத் தனக்கு வேறு வேலை இருக்கிறது, மூன்றுக்கு வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டிருக்கிறார். டீச்சர் முடியாது என்றிருக்கிறார். வாய்ச்சண்டை முற்றிவிட்டது.

மூன்று என்ற சொல் காதில் விழுந்ததும் கூட வந்த ஏட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நாத்தனார் முகம் வெளுத்தது.

"கேட்டேன், இல்லேங்கலை. அண்ணி மாட்டேன்னாங்க. அப்புறம் என் வேலையைத் தள்ளி வெச்சுட்டு நாலரை மணிக்கு கேமராவோட நானும்தான் போனேன். அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏத்தினதே நான்தான்" என்றார்.

டெக்னீஷியன் குறுக்கே விழுந்தார். இந்தச் செயலியே குப்பை, எவனோ வெளியாள் உள்ளே புகுந்து படித்திருப்பான், வேறு ஒன்றுக்கு மாறலாம் என்று ஆறு மாதமாகத் தொண்டை கிழியக் கத்துகிறேன் என்றார். வலைப்பூவுக்கு ஒரு கருவி, வேலைக்கு ஒரு கருவி, இரண்டையும் இணைக்க ஒரு கருவி என்று அவர் அடுக்க அடுக்க, இன்ஸ்பெக்டருக்குத் தலை வலித்தது.

"ஒரு நாலு வேலையை ஞாபகம் வெச்சுக்க இத்தனை செயலியா?" என்று எரிந்து விழுந்தார்.

"ஒழுங்கு வேணும்ல மேடம்? இங்கே சொன்ன நேரத்துக்கு ஒருத்தரும் வர்றதில்லை. நான் மட்டும் வந்து கொட்டாவி விட்டுட்டு உட்கார்ந்திருக்கணும். நான் சொல்ற செயலியிலே லேட்டா வந்தா எல்லாருக்கும் காட்டிக் கொடுத்துடும்."

"நாங்க ஒண்ணும் லேட் இல்லை" என்றார் நாத்தனார். "இவர் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னாடியே வந்து ரெண்டு டீயைக் குடிச்சுட்டு எங்களைத் திட்டுவார். வெளிநாட்டுப் பழக்கம்னு விட்டுட்டோம்."

இன்ஸ்பெக்டர் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போனார்.

படிக்கட்டில் ஏட்டு பின்னாலேயே வந்தார். மூன்று மணி என்று கேட்டவர் நாத்தனார்தானே, இப்போதே கூட்டிப்போய்விடலாமே என்றார்.

"கேட்டது கிடைக்கலைன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியும்யா. தெரிஞ்சவ மூணுன்னா சொல்லியனுப்புவா? நாலரைன்னுதான் சொல்லியிருப்பா. கொஞ்சம் யோசிங்க."

அன்றிரவே டீச்சரை மட்டும் போனில் அழைத்து ஒரு காரியம் செய்யச் சொன்னார். செயலியில் ஒரே ஒரு வரி பதிய வேண்டும்: நாளை ஐந்து மணி, அறையில் அவசரக் கூட்டம். வாயால் யாருக்கும் சொல்லக் கூடாது.

புதன், மாலை 3.30.

அறையில் இன்ஸ்பெக்டர் மட்டும் உட்கார்ந்திருந்தார். டீச்சரும் ஏட்டும் உள்ளறைக் கதவுக்குப் பின்னால். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. டெக்னீஷியன் உள்ளே வந்தார். காலி நாற்காலிகளைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா மேடம்? இன்னைக்கும் நான்தான் முதல் ஆள்."

"கூட்டம் எத்தனை மணிக்கு?"

"மூணரைக்கு."

"யார் சொன்னா?"

"இதோ, செயலியிலேயே இருக்கே" என்று போனை நீட்டினார். அவசரக் கூட்டம், மூன்றரை மணி. இன்ஸ்பெக்டர் அதை வாங்கிக்கொண்டு உள்ளறைப் பக்கம் குரல் கொடுத்தார். டீச்சர் வெளியே வந்து தன் போனைப் பக்கத்தில் வைத்தார். அதே வரி. ஐந்து மணி. இன்ஸ்பெக்டர் டெக்னீஷியன் பக்கம் திரும்பினார்.

"வெளிநாட்டிலே இருந்தப்போ இந்தச் செயலியிலே கணக்கு ஆரம்பிச்சே. அந்த ஊர் கடிகாரம் நம்மளைவிட ஒன்றரை மணி நேரம் பின்னாடி. ஊருக்கு வந்தே, போன் தன் மணியைத் தானே மாத்திக்கிச்சு. செயலியிலே ஊரை நீதான் மாத்தணும், நீ மாத்தலை. இவங்க எழுதுற ஒவ்வொரு நேரமும் உன் கண்ணுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் முந்தித் தெரியுது. இத்தனை நாளா ஊரே லேட்டுன்னு திட்டிக்கிட்டிருந்தே. நேத்து பின்வாசல் சந்திப்பு எல்லாருக்கும் நாலரை மணி. உனக்கு மட்டும் மூணு. அந்தத் தடியனுங்களுக்கும் மூணு. வெளியாள் புகுந்து படிச்சிருந்தா டீச்சர் போனிலே இருக்கிற நாலரையைத்தானே படிச்சிருப்பான்?"

டெக்னீஷியன் போனைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். உள்ளறையிலிருந்து வந்த ஏட்டு அதை மறித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"எத்தனை செயலி பத்தி எங்களுக்குப் பாடம் நடத்தினே" என்றார் டீச்சர். "எதுக்குடா செஞ்சே? அதை மட்டும் சொல்லு."

கம்பெனியின் இணையதள வேலை முழுவதையும் தருவதாகச் சொன்னார்களாம். அடிப்பார்கள் என்று தெரியாதாம், உறையை மட்டும் பிடுங்குவார்கள் என்று நினைத்தாராம். மணிக்கட்டை ஒடித்தது உறையை வாங்கிய பிறகு என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். சொல்லிவிட்டுத் தானே அவர் கையில் விலங்கை மாட்டினார். வேண்டுமென்றே வலது கையில்தான் முதலில் மாட்டினார்.

மாலை 6.00. ஆஸ்பத்திரி.

டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னது இன்ஸ்பெக்டர்தான். செயலி, முந்திரிக்கொட்டை, இரண்டு போன், கைது. லேபிள்காரர் சுவரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். ஆதாரம் போய்விட்டதால் அடியாட்களைத்தான் உள்ளே தள்ள முடியும், கம்பெனி முதலாளி தப்பித்துவிடுவான் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். ஆத்திரத்தில் கட்டில் கம்பியை ஓங்கிக் குத்தினார்.

லேபிள்காரர் மெல்லத் திரும்பினார்.

"அவங்களை உள்ளே வரச் சொல்லுங்க" என்றார்.

டீச்சர் வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவரை அவர் பேச விடவில்லை. நசுங்கிய டப்பாவை இடது கையால் கவிழ்த்து அவர் பக்கம் தள்ளினார். அதன் அடிப்பாகம் முழுக்கக் கசங்கிய லேபிள்கள், ஒன்றன்மேல் ஒன்றாக.

"பசை விரலிலே பிசுபிசுக்கும். கையிலே ஒட்டுற லேபிளை எல்லாரும் டப்பா அடியிலேதான் ஒட்டி விடுவோம். பழசும் இருக்கு, புதுசும் இருக்கு. சரக்கு நம்பர் ஒண்ணு, தேதிதான் வேற. நீங்கதான் என்னை வித்துட்டீங்கன்னு நினைச்சேன்மா. அதான் யாருக்கும் காட்டலை."

டீச்சர் டப்பாவை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"எப்போ எழுதப் போறீங்க?" என்று கேட்டார் அவர்.

"இப்போ. இங்கேயே, உங்க பக்கத்திலே உட்கார்ந்து."

இன்ஸ்பெக்டர் தன் நாற்காலியை விட்டு எழுந்து, அதை டீச்சர் பக்கம் இழுத்துப் போட்டார்.