ஊர் நடுவே வெல்லம்

பழைய சாமான் அறையில் அன்று இருந்தவர்கள்: ஐந்தாம் வகுப்பு அன்புச்செல்வி, அவளோடு படிக்கும் அம்சவள்ளி, தேவா, சுவரில் ஒரு பல்லி. பல்லியைத் தவிர எல்லோரும் தும்மிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு தூசி.

திண்டிவனத்தில் அவர்கள் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு இரண்டே நாள் இருந்தது. விழாவில் 'அந்தக் காலத்துச் செய்தி' என்று ஒரு நிகழ்ச்சி. 'தண்டோரா' என்று ஓர் உள்ளூர் வாரப் பத்திரிகை முன்பு வந்துகொண்டிருந்தது. அதன் பழைய தலைப்புகளை மேடையில் படித்து எல்லோரையும் சிரிக்க வைக்க வேண்டும். தமிழாசிரியர் சவுரிராயன் சார் அறையைத் திறந்துவிட்டு, நல்லதாகப் பார்த்து எடுத்து வையுங்கள் என்று சொல்லிப் போயிருந்தார்.

படிக்கப் போவது அன்புச்செல்வியும் அம்சவள்ளியும். தேவாவுக்குத் திரை இழுக்கும் வேலை. அவனுக்கு ள வராது. ழ கூட அடித்துப் பிடித்து வந்துவிடும். ள மட்டும் ல ஆகிவிடும். வெள்ளிக்கிழமை அவனுக்கு வெல்லிக்கிழமை. "உனக்கு மைக் வேணாம், கயிறு போதும்" என்று வகுப்பு முழுவதும் பார்க்க சார் சொல்லிவிட்டார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அதற்கு முன்பே தேவா, மேடையில் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தான். அவன் அம்மா அமலா மல்லாட்டைக் கடலை பிடுங்கும் வேலைக்கு விழா அன்று வர முடியாது என்று சொல்லிவிட்டார். பிரம்மதேசத்திலிருந்து சித்தியையும் மாமாவையும் பஸ் ஏறச் சொல்லிவிட்டார்.

"எல்லாம் பஸ் புடிச்சு வந்து நான் கயிறு இழுக்கறதைப் பாக்கப் போறாங்க" என்றான் தேவா.

முதல் பத்திரிகைக் கட்டைப் பிரித்ததுமே நல்ல வேட்டை. 'விழுப்புரத்தில் ரயிலைத் தவறவிட்டவர் அடுத்த ரயிலில் சென்றார்.' அம்சவள்ளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்து, 'காணாமல் போன ஆடு வீட்டிலேயே இருந்தது.' தேவா கூடச் சிரித்தான்.

அப்போது அன்புச்செல்வி ஒரு தாளை எடுத்து முகத்துக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தாள். பிறகு அதை அம்சவள்ளியிடம் நீட்டிப் படிக்கச் சொன்னாள்.

அம்சவள்ளி கணீரென்று படித்தாள். "திருவெண்ணெய்நல்லூரில் ஊர் நடுவே வெள்ளம். படகில் சென்றார் தாசில்தார்."

"தப்பு. மறுபடி படி."

மறுபடியும் வெள்ளம் என்றே படித்தாள். தாளில் இருந்ததோ 'வெல்லம்'. அச்சில் ள விழவேண்டிய இடத்தில் ல விழுந்திருந்தது. அது தெரிந்த பிறகும் அம்சவள்ளியின் நாக்கு வெள்ளம் என்றே போனது. அன்புச்செல்வியும் முயன்றாள். பாதியில் சிரிப்பு வந்து கெடுத்தது.

தேவா எட்டிப் பார்த்துப் படித்தான். "ஊர் நடுவே வெல்லம். படகில் சென்றார் தாசில்தார்."

முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி இருந்தான். இரண்டு பெண்களும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

அதன் பிறகு அறை தாங்கவில்லை. 'திண்டிவனம் சந்தைக்குப் புலி வரத்து அதிகரிப்பு.' கிடைக்கக் கிடைக்கத் தேவா படித்தான். வெல்லம் இருந்த தாளின் அடியில் ஒரு சின்ன வரி இருந்தது. அதை அம்சவள்ளிதான் முதலில் பார்த்தாள். 'பிழை திருத்தியவர்: ம. சவுரிராயன்.'

அது அவர்களுடைய சாரின் பெயர்.

"இதையும் மைக்ல படிச்சிடலாம்" என்றான் தேவா. அவன் கண் பளபளத்தது.

"அன்னிக்கு கிளாஸ் முன்னாடி சார் உன்னைச் சொன்னாரே, நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள் அன்புச்செல்வி.

"இல்ல."

"அதான்" என்றாள். அந்த வரி தெரியாதபடி தாளை மடித்தாள். மடித்த தாளோடு சாரிடம் ஓடினாள். மற்ற இருவரும் பின்னால் ஓடினார்கள்.

சார் கண்ணாடியை மாட்டிப் படித்தார். "ஊர் நடுவே வெள்ளம்."

"இன்னொரு வாட்டி படிங்க சார்."

இரண்டாவது முறையும் வெள்ளம்தான். மூன்றாவது முறை விரல் வைத்துப் படித்தார். விரல் நடுவில் நின்றது.

தேவா மட்டும்தான் இதை அச்சில் இருப்பதுபோல் படிக்கிறான், எங்களால் முடியவில்லை, அவனே படிக்கட்டும் சார் என்று அன்புச்செல்வி மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

சார் மடிப்பைப் பிரித்தார். அடியில் இருந்த தன் பெயரைப் பார்த்தார். மடித்தது யார் என்று கேட்டார். அவள் கை தூக்கினாள்.

"இப்பவே மூணு வாட்டி படிச்சாதான் தெரியுது. அப்ப எப்படித் தெரிஞ்சிருக்கும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பிறகு தேவாவைப் பார்த்தார். "நீ படி. கயிறை நான் இழுக்கறேன்."

விழா அன்று தேவா மைக் முன்னால் நின்றான், அன்புச்செல்வியும் அம்சவள்ளியும் அவன் பக்கத்தில் நின்றார்கள். வெல்லத்துக்கே கூட்டம் அதிர்ந்தது. புலிக்கு அவன் மாமா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அமலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியாக அவன் படித்தான்: "பிரம்மதேசத்தில் பல்லி ஆண்டு விழா. பெற்றோர் திரண்டனர்."

பிரம்மதேசத்து ஆட்கள் விசில் அடித்தார்கள். யாருய்யா அந்தப் பேப்பரில் பிழை பார்த்த மகராசன் என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

தேவா அன்புச்செல்வியைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். அவன் வாயை இறுக மூடிக்கொண்டான்.

ஓரத்தில் கயிற்றைப் பிடித்திருந்த சவுரிராயன் சார், அதை விட்டுவிட்டு மைக்கிடம் வந்தார்.

"நான்தாங்க."

அன்றைய பெரிய சிரிப்பு அதற்குத்தான். கயிற்றை விட்டதால் திரை வந்து நால்வரையும் மூடியது.

கூட்டம் கலைந்ததும் சார் சிவப்புப் பேனாவோடு பழைய சாமான் அறைக்கு நடந்தார். மூவரும் பின்னால் போனார்கள். இன்னும் பிரிக்காத கட்டுகள் இருக்கின்றன, நீங்கள் பார்ப்பதற்குள் நான் பார்த்துவிட வேண்டும் என்றார்.

"அங்க பல்லி இருக்கு சார்" என்றான் தேவா.

"பள்ளியா, பல்லியா?"

"பல்லிதான் சார்."

"அப்ப இதுல பிழை இல்ல" என்று சொல்லி சார் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.