அடிப்பக்கத்து ஈரம்

கராஜ் தரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டின் நடுவில் மட்டும் வேர்த்திருந்தது. ஓரமெல்லாம் காய்ந்து கிடக்க, நடுவே உள்ளங்கை அளவுக்கு வட்டமாக ஒரு பனி. கண்ணாடிக்குப் பக்கத்தில் வாயை வைத்து ஊதினால் படியுமே, அதே மாதிரி.

மாஸ்டர் இடுப்பு இடம் கொடுத்த அளவுக்குக் குனிந்து பார்த்தார். முப்பது வருஷம் ஊராருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். உரிமையோடு வேறு மாதிரி கூப்பிட்டவள் மனைவி ஒருத்தி, அவளும் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதன் பிறகு பயிற்சிக் காரையும் விற்றாயிற்று. இப்போது அந்த வீட்டில் அவரைத் தவிர சத்தம் போடுவது ஃப்ரிட்ஜ் மட்டும்தான்.

கராஜ் தரைக்கு இந்தச் சோதனையெல்லாம் மகளால் வந்தது. "பட்டாணிக்கு வீசிங் இருக்குப்பா. அந்த கராஜ் சிமெண்ட் தூசி வீடு பூரா பறக்குது. போன தடவை வந்துட்டுப் போய் ரெண்டு ராத்திரி தூங்கவே இல்ல. தரைக்கு ஏதாவது பூசுங்க, லீவுக்குக் கூட்டிட்டு வரேன்" என்று போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். பட்டாணி என்பது பேத்தி. ஐந்து வயது. அவள் மூச்சு விட்டு முடிக்கும்போது கடைசியில் மெல்லிசாக ஒரு விசில் வரும்.

பெயிண்ட் கடைக்காரர் மாஸ்டரிடம் படித்து மூன்று முறை டெஸ்டில் கோட்டை விட்டவர். அதனாலேயே மரியாதை அதிகம். "சாதா பெயிண்ட் அடிச்சா டயர் சூட்டுக்கே உரிஞ்சு வந்துடும் மாஸ்டர். எபாக்ஸி போடுங்க, ரெண்டு டப்பா கலந்து பூசுறது, கண்ணாடி மாதிரி இறுகிடும், பேத்தி கல்யாணம் வரைக்கும் தாங்கும். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பாருங்க. அடியில வேர்த்திருந்தா தரையில ஈரம் ஏறுதுன்னு அர்த்தம். அப்போ பூசக்கூடாது. ஒரு மாசமாவது காயணும்" என்றிருந்தார்.

ஒரு மாசம் காய்ந்தால் லீவு முடிந்துவிடும். அந்தக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பனி சுருங்கியது. சுருங்கி, மறுபடி விரிந்தது. ஷட்டர் இடுக்கு வழியாக வந்த வெயிலில் பழைய ஆயில் வாடையும் ஈர சிமெண்ட் வாடையும் கலந்து மூக்கில் ஏற, வெளியே யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் தேய்ந்து மறைய, விரிவதும் சுருங்குவதுமாக இருந்த அந்த வட்டம் தன் மூச்சோடு சேர்ந்தே போவதை மாஸ்டர் கவனித்தார். மூச்சை அடக்கினார்.

அதுவும் நின்றது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு டேப்பை உரித்தார். ஷீட்டை எதிர்மூலையில் ஒட்டினார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அங்கேயும் பனி வந்தது, சரியாக அவர் காலடியில்.

பயந்தார், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் எழுந்து போகவில்லை. எத்தனையோ மாதமாக அவர் இருக்கிறாரா இல்லையா என்று பார்க்கக்கூட ஆளில்லாத வீட்டில், அவர் மூச்சுக்காக ஏதோ ஒன்று காத்திருந்தது. வெட்கத்தை விட்டு அதோடு பேசினார். மனைவியைப் பற்றி, ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்ளும் மாணவர்களைப் பற்றி. பேசப் பேச மனசு லேசானது. வெளிச்சம் மங்கும் நேரத்தில், எழுந்திருக்கும் முன் விளையாட்டாக மூச்சை அடக்கிப் பார்த்தார்.

இந்தத் தடவை அது நிற்கவில்லை.

அவர் மூச்சு. அவருடைய அதே இழுப்பு, அதே நிதானம். அவர் இல்லாமலே ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டரின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. பயிற்சிக் காரில் அவர் பக்கம் ஒரு பிரேக் தனியாக இருக்கும். முப்பது வருஷத்துப் பழக்கம், பயந்தால் கால் அதைத் தேடும்.

மறுநாள் கடைக்காரர் கேட்டார். "ஈரம் இருந்துச்சா மாஸ்டர்?"

"சுக்கா காய்ஞ்சு கிடக்கு."

"அப்போ கலரா, கிளியரா?"

நிறமில்லாத கிளியரே போதும் என்றார். பழைய கார் நின்ற இடத்தில் ஒரு ஆயில் கறை இருந்தது. அதை மறைக்க மனம் வரவில்லை. வாடகை மெஷினில் தரையைச் சுரண்டி, இரண்டு டப்பாவையும் கலந்து, உள்சுவரிலிருந்து ஷட்டர் வரை ரோலரால் தள்ளிக்கொண்டே பின்வாங்கினார். கெட்டியாக, இரண்டு கோட். இறுக மூடிவிட்டால் எதுவானாலும் உள்ளேயே கிடக்கும் என்று நினைத்தார். காய்ந்தபோது தரை தண்ணீர் நிற்பது போல மின்னியது. பனி இல்லை. மகளுக்குப் போன் செய்தார்.

பட்டாணி வந்து இறங்கியதும் வீடு வீடாகிவிட்டது. சாக்ஸோடு கராஜில் சறுக்கினாள், விழுந்தாள், மறுபடி சறுக்கினாள். இரண்டாம் நாள் குப்புறப் படுத்துத் தரையில் முகம் பார்த்துக்கொண்டிருந்தவள், "தாத்தா, நான் ஊதினா கீழ இருந்து அதுவும் ஊதுது" என்றாள்.

மாஸ்டர் அவளை வாரித் தூக்கினார். அவள் வாய் இருந்த இடத்தில் பனி. சட்டை நுனியால் துடைத்தார். பாதி போயிற்று. மீதி போகவில்லை. அது பூச்சுக்கு அடிப்பக்கம் இருந்தது.

"என்னப்பா?" என்றாள் மகள், வாசலிலிருந்து.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவாள், அப்புறம் எந்த லீவுக்கும் வரமாட்டாள். "ஒண்ணுமில்லம்மா. புதுத் தரை, அப்படித்தான் இருக்கும்."

அந்த வாரம் முழுக்க பட்டாணி அங்கேயே விளையாடினாள். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கிளம்பும்போது பின்சீட்டில் அவள் தூங்கிவிட்டாள். மாஸ்டர் ஜன்னல் வழியாகக் குனிந்து கன்னத்தைத் தொட்டார். கொஞ்சம் சில்லென்றிருந்தது. ஏசி என்று நினைத்துக்கொண்டார்.

"கேட்டீங்களாப்பா?" மகள் சிரித்தாள். "மூணு நாளா விசிலே இல்ல. மூச்சு விடறதே தெரியல, அவ்ளோ அமைதியா தூங்கறா. உங்க தரைக்குத்தான் நன்றி சொல்லணும்."

கார் முனை திரும்பும்வரை கையாட்டினார். கராஜுக்குள் வந்து ஷட்டரை இழுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வீடு பழையபடி ஆனது. தூரத்தில் ஃப்ரிட்ஜ்.

காலடியில் பனி வந்தது. பெரிய வட்டம், அவருடைய மூச்சு. அது வரும் என்று தெரியும்.

பக்கத்தில் இன்னொன்று.

சின்னது. வேகமாக விரிந்தது. சுருங்கியது. விரிந்தது.

குனிந்தார். தரைக்கு அடியிலிருந்து, ஒவ்வொரு தடவையும் கடைசியில், மெல்லிசாக ஒரு விசில்.

சட்டைப் பையில் போன் அடித்தது. மகள். அவள் இன்னும் ஊரைத் தாண்டியிருக்க மாட்டாள். அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. அவர் எடுக்கவில்லை. வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

மூச்சை அடக்கினார்.

இரண்டும் நிற்கவில்லை.